பிடித்த நாடு ஏன் உடனே அனுப்புவதில்லை?

வெளிநாட்டுக்குத் தப்பியோடிய ஒருவர் அங்கே கைதானார் என்று செய்தி வருகிறது. அடுத்த வாரமே அவரை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். வாரம் மாதமாகிறது, மாதம் ஆண்டாகிறது. ஜாமீன், மேல்முறையீடு, அமைச்சரின் ஒப்புதல், மறுபடியும் மேல்முறையீடு என்று துண்டு துண்டாகச் செய்திகள் வருகின்றன. ஊரறிந்த குற்றவாளியை அனுப்புவதற்கு ஏன் இத்தனை தயக்கம் என்ற கோபம் எழுவதில் வியப்பில்லை.

கைதானவரை வைத்திருக்கும் நாட்டின் நீதிமன்றம், அவர் குற்றம் செய்தாரா என்று தீர்மானிப்பதற்காக அமரவில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். அதன் முன் இருக்கும் கேள்வி வேறு: 'இந்த மனிதரை இன்னோர் அரசின் கையில் கொடுக்கலாமா? கொடுத்தால், என்ன நிபந்தனையின் பேரில்?' தாமதத்தின் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள்தான் அடங்கியிருக்கிறது. அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

ஒரே சொல்லுக்குள் மூன்று செயல்கள்

தமிழ்ச் செய்திகளில் 'நாடு கடத்தல்' என்ற ஒரே சொல் பல வேலைகளைச் செய்கிறது. குழப்பத்தின் முதல் வேர் இதுதான். சட்டத்தின் பார்வையில் இவை மூன்றும் வெவ்வேறு செயல்கள்.

1. ஒப்படைப்பு. ஒரு நாடு, தன் நீதிமன்றத்தில் வழக்கோ தண்டனையோ நிலுவையில் உள்ள ஒருவரைத் தன்னிடம் தரும்படி இன்னொரு நாட்டை முறைப்படி கேட்கிறது. கேட்கப்பட்ட நாடு தன் சட்டப்படி ஆராய்ந்து, அவரைக் கையளிக்கிறது. கேட்கும் நாடு, கொடுக்கும் நாடு என இரண்டு அரசுகள் இருந்தால்தான் ஒப்படைப்பு.

2. வெளியேற்றம். விசா காலாவதியானவர், அனுமதியின்றி நுழைந்தவர் போன்ற வெளிநாட்டவரை ஒரு நாடு தன் குடியேற்றச் சட்டப்படி வெளியே அனுப்புகிறது. யாரும் அவரைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. அவர் வெளியே போனால் போதும்.

3. ஆளைத் தூக்கிவருதல். ஒரு நாட்டின் ஆட்கள் இன்னொரு நாட்டுக்குள் புகுந்து ஒருவரைப் பிடித்துக்கொண்டு வருவது. 1960-இல் நாஜி அதிகாரி ஐக்மனை அர்ஜென்டினாவிலிருந்து இஸ்ரேல் இப்படித்தான் கொண்டுவந்தது. ஐ.நா. பாதுகாப்பு அவை தன் 138-ஆம் தீர்மானத்தில், அர்ஜென்டினாவுக்குத் தக்க பரிகாரம் செய்யும்படி இஸ்ரேலைக் கேட்டுக்கொண்டது. ஆனாலும் விசாரணை நடந்தது, தண்டனையும் நிறைவேறியது.

இந்தக் கோடுகள் காகிதத்தில் தெளிவாக இருக்கின்றன. நடைமுறையில் அவற்றை அழித்துவிட்டுக் குறுக்கு வழியில் போகும் ஆசை அரசுகளுக்கு எப்போதும் உண்டு. அப்படிப் போனால் என்ன ஆகும் என்பதைப் பொசானோ வழக்கு காட்டுகிறது. கடத்தல், கொலைக் குற்றங்களுக்காக இத்தாலிய நீதிமன்றம் பொசானோவுக்கு அவர் இல்லாமலேயே ஆயுள் தண்டனை விதித்திருந்தது. அவர் பிரான்சில் பிடிபட்டபோது இத்தாலி அவரைக் கேட்டது. நேரில் நிறுத்தி விசாரிக்காமல் விதித்த தண்டனை தங்கள் பொது ஒழுங்குக் கோட்பாட்டுக்கு ஒவ்வாது என்று லிமோஜ் நகர நீதிமன்றம் 1979 மே மாதம் மறுத்துவிட்டது. ஐந்து மாதம் கழித்து ஓர் இரவு, சாதாரண உடையில் வந்த போலீசார் அவரைத் தெருவில் மடக்கி, கைவிலங்கிட்டு, காரில் ஏற்றினார்கள். கையில் இருந்தது வெளியேற்ற உத்தரவு. லிமோஜுக்கு அருகில் உள்ள எல்லை ஸ்பெயின் எல்லை. கார் போனதோ நாட்டின் மறுபக்கத்தில் இருக்கும் சுவிட்சர்லாந்து எல்லைக்கு. ஏனென்றால் இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே ஒப்படைப்பு ஒப்பந்தம் இருந்தது. அங்கிருந்து அவர் இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1986-இல் இதைச் சட்டவிரோதக் காவல் என்று தீர்ப்பளித்தது. வெளியேற்றம் என்று பெயர் சூட்டி ஒப்படைப்பைச் செய்ய முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். பொசானோ நல்லவரா கெட்டவரா என்பது அங்கே கேள்வியே இல்லை.

கேட்டால் கொடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒரு நாடு கேட்டவுடன் ஆளைக் கொடுத்தாக வேண்டும் என்ற பொதுக் கடமை எதையும் பன்னாட்டுச் சட்டம் விதிக்கவில்லை. கடமை ஒப்பந்தத்திலிருந்தே பிறக்கிறது. அது இரு நாட்டு ஒப்பந்தமாக இருக்கலாம். 1957-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒப்படைப்பு உடன்படிக்கை போலப் பல நாடுகள் சேர்ந்து செய்துகொண்டதாகவும் இருக்கலாம். ஊழல், ஒழுங்கமைந்த குற்றம் ஆகியவற்றுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கைகளையே ஒப்படைப்புக்கான அடிப்படையாக ஏற்கும் நாடுகளும் உண்டு. ஒப்பந்தமே இல்லாவிட்டாலும், 'இன்று நான் தருகிறேன், நாளை நீ தர வேண்டும்' என்ற கைம்மாறு உறுதியின் பேரில் அனுப்ப இடம்தரும் உள்நாட்டுச் சட்டங்களும் இருக்கின்றன. அமெரிக்காவும் ரஷ்யாவும் தங்களுக்குள் ஒப்படைப்பு ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை. அதனால்தான் அமெரிக்க உளவுத்துறையின் ரகசியங்களை வெளியிட்டுவிட்டு 2013-இல் மாஸ்கோவில் இறங்கிய எட்வர்ட் ஸ்னோடனைத் திருப்பித் தரச் சொல்லி அமெரிக்கா வற்புறுத்த முடிந்ததே தவிர, சட்டப்படி கட்டாயப்படுத்த முடியவில்லை.

இந்த ஏற்பாடு புதியதல்ல. எகிப்தின் இரண்டாம் ராம்சேஸும் ஹிட்டைட் அரசர் மூன்றாம் ஹட்டுசிலியும் கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கையிலேயே தப்பியோடியவர்களைத் திருப்பி அனுப்பும் பிரிவு இருக்கிறது. திருப்பி அனுப்பப்படுபவரைக் கொல்லக் கூடாது. அவருடைய வீட்டையும் மனைவி மக்களையும் அழிக்கக் கூடாது. கண், காது, வாய், கால் எதற்கும் ஊறு செய்யக் கூடாது என்று அதே உடன்படிக்கை சொல்கிறது. நமக்குத் தெரிந்த மிகப் பழைய ஒப்படைப்பு விதிகளில் ஒன்றே நிபந்தனையோடுதான் பிறந்திருக்கிறது. இன்றைய சட்டம் அதே நிபந்தனைகளை விரித்து எழுதியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்டர்போலின் ரெட் கார்னர் நோட்டீஸ் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. அது பன்னாட்டுக் கைது வாரண்ட் அல்ல. 'இவரைத் தேடுகிறோம், கண்டால் பிடித்து வையுங்கள்' என்று ஒரு நாடு விடுக்கும் வேண்டுகோளை இன்டர்போல் உறுப்பு நாடுகளுக்குச் சுற்றுக்கு விடுகிறது, அவ்வளவுதான். அதன் பேரில் கைது செய்யலாமா என்பதை ஒவ்வொரு நாட்டின் சொந்தச் சட்டமே தீர்மானிக்கிறது.

வழக்கு நகரும் பாதை

நாட்டுக்கு நாடு பெயர்கள் மாறினாலும் படிகள் ஏறக்குறைய ஒன்றே.

1. தற்காலிகக் கைது. ஆள் நழுவிவிடக் கூடாது என்பதற்காக, முழு ஆவணங்கள் வருவதற்கு முன்பே பிடித்து வைக்கிறார்கள். இதற்குக் கெடு உண்டு. ஐரோப்பிய உடன்படிக்கைப்படி 18 நாளுக்குள் ஆவணங்கள் வராவிட்டால் விடுவிக்கலாம். எப்படியும் 40 நாளைத் தாண்டக் கூடாது.

2. முறையான வேண்டுகோள். கைது வாரண்ட் அல்லது தீர்ப்பின் நகல், குற்றச்சாட்டின் விவரம், பொருந்தும் சட்டப் பிரிவுகள், ஆளை அடையாளம் காட்டும் தகவல்கள் ஆகியவை தூதரக வழியாகவோ இரு அரசுகளின் உரிய அமைச்சகங்கள் வழியாகவோ வந்து சேர வேண்டும். மொழிபெயர்ப்பில் ஒரு பிரிவு எண் தவறினால்கூட எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது போதும்.

3. நீதிமன்ற விசாரணை. கீழே வரும் கோட்பாடுகள் எல்லாம் பெரும்பாலும் இங்கேதான் அலசப்படுகின்றன.

4. அரசின் முடிவு. அனுப்பலாம் என்று நீதிமன்றம் சொன்ன பிறகும், அனுப்புவதா வேண்டாமா என்ற இறுதி முடிவு பல நாடுகளில் அமைச்சரின் கையில் இருக்கிறது. நீதிமன்றம் அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டால், அமைச்சர் நினைத்தாலும் அனுப்ப முடியாது.

5. மேல்முறையீடுகள். மூன்றாவது படிக்கும் நான்காவது படிக்கும் எதிராகத் தனித்தனியாக மேல்முறையீடு செய்ய முடிகிற நாடுகளில்தான் ஆண்டுகள் ஓடுகின்றன.

இரு நாட்டிலும் குற்றமா?

கேட்கும் நாட்டில் குற்றமாக இருக்கும் ஒரு செயல், கொடுக்கும் நாட்டிலும் குற்றமாக இருக்க வேண்டும். இதுவே இரட்டைக் குற்றத்தன்மை. தன் மண்ணில் குற்றமே அல்லாத ஒன்றுக்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்பத் தன் போலீசையும் சிறையையும் நீதிமன்றத்தையும் எந்த நாடும் இரவல் தராது. சில்லறைக் குற்றங்களுக்காக இந்தப் பெரிய எந்திரத்தை ஓட்ட வேண்டாம் என்பதால், இரு நாட்டிலும் குறைந்தது ஓராண்டுச் சிறை விதிக்கக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும் என்பதும் பரவலான விதி.

பழைய ஒப்பந்தங்கள் கொலை, கொள்ளை, தீவைப்பு, போலி ஆவணம் என்று பட்டியல் போட்டன. பட்டியலில் இல்லாத குற்றத்துக்கு ஆள் கிடைக்காது. கணினிக் குற்றம் போன்றவை வந்தபோது பட்டியல்கள் திணறின. அதனால் புதிய ஒப்பந்தங்கள் குற்றத்தின் பெயரை விட்டுவிட்டு, செயலைப் பார்க்கின்றன. ஒரு நாட்டில் 'நம்பிக்கை மோசடி' என்றும் இன்னொரு நாட்டில் 'திருட்டு' என்றும் பெயர் இருந்தாலும், நடந்த செயல் இரண்டிலும் தண்டனைக்குரியதாக இருந்தால் போதும்.

மெங் வான்சோ வழக்கில் ஒரு முக்கிய வாதம் இதைச் சுற்றியே நடந்தது. ஹுவாவெய் நிறுவனத்தின் நிதித் தலைவரான அவரை அமெரிக்காவின் வேண்டுகோளின் பேரில் கனடா 2018 டிசம்பரில் வான்கூவர் விமான நிலையத்தில் கைது செய்தது. ஈரான் வணிகம் பற்றி ஒரு வங்கியிடம் அவர் பொய் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. 'இதன் அடியில் இருப்பது அமெரிக்காவின் ஈரான் தடை. கனடாவில் அப்படித் தடையே இல்லாதபோது, இந்தப் பொய்யால் வங்கிக்கு இங்கே என்ன கேடு வந்திருக்கும்?' என்று அவர் தரப்பு கேட்டது. எளிதில் ஒதுக்கக்கூடிய வாதம் அல்ல இது. ஆனால் 2020 மே மாதம் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. செயலின் சாரம் வங்கியை ஏமாற்றியது, ஏமாற்றுவது கனடாவிலும் குற்றம், அந்தப் பொய் ஏன் வங்கிக்கு ஆபத்தானது என்பதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அமெரிக்கச் சட்டத்தையும் பார்க்கலாம் என்றது. கடைசியில் ஒப்படைப்பு நடக்கவில்லை. 2021 செப்டம்பரில் அமெரிக்க அரசுத் தரப்போடு செய்துகொண்ட உடன்பாட்டின் பேரில் அவர் சீனா திரும்பினார்.

எந்த நாளில் குற்றமாக இருந்தது என்ற கேள்வியும் உண்டு. சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே 1998 அக்டோபரில் லண்டனில் ஸ்பெயினின் வேண்டுகோளின் பேரில் கைதானார். சித்திரவதைக் குற்றச்சாட்டுகள் அவருடைய ஆட்சி தொடங்கிய 1973 வரை நீண்டன. ஆனால் வெளிநாட்டில் நடந்த சித்திரவதையையும் பிரிட்டனில் விசாரிக்கலாம் என்ற சட்டம் அமலுக்கு வந்தது 1988 செப்டம்பர் 29-இல்தான். அந்த நாளுக்கு முன் நடந்தது பிரிட்டிஷ் சட்டப்படி அங்கே விசாரிக்கத்தக்க குற்றம் ஆகாது என்று 1999 மார்ச்சில் பிரபுக்கள் அவையின் நீதிபதிகள் முடிவு செய்தார்கள். குற்றச்சாட்டுகளின் பெரும்பகுதி ஒரே வீச்சில் உதிர்ந்தது. மிஞ்சியவற்றுக்கு அனுப்பலாம் என்ற நிலை வந்த பிறகும், உடல்நலம் விசாரணையைத் தாங்காது என்று உள்துறை அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா 2000 மார்ச்சில் அவரை விடுவித்தார். நான்காவது படியின் வலிமைக்கு அதுவே சான்று. அவருடைய ஆட்சியில் காணாமல்போன பிள்ளைகளின் படங்களை ஏந்திக் காத்திருந்த தாய்மார்களுக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்பதை நினைக்காமல் இந்த வழக்கைக் கடந்துபோக முடியவில்லை.

ஆதாரம் எவ்வளவு காட்ட வேண்டும்?

இதில் இரண்டு மரபுகள் இருக்கின்றன. ஐரோப்பியக் கண்டத்து நாடுகள் பொதுவாக ஆதாரத்துக்குள் போவதில்லை. ஆவணங்கள் ஒழுங்காக இருந்தால் போதும். ஆங்கிலச் சட்ட மரபில் வந்த நாடுகள் முகாந்திரம் கேட்கும் பழக்கமுடையவை. அதாவது, இதே ஆதாரம் உள்ளூர் நீதிமன்றத்தில் வைக்கப்பட்டால் வழக்கை முழு விசாரணைக்கு அனுப்ப அது போதுமா என்று பார்க்கும். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து உண்மையைத் தேடுவது அங்கே நடக்காது.

ஆகவே 'ஒப்படைக்க உத்தரவு' என்ற தலைப்பைக் கண்டு குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று முடிவு கட்டுவதும் தவறு, 'ஒப்படைக்க மறுப்பு' என்றால் நிரபராதி என்று முடிவு கட்டுவதும் தவறு.

அரசியல் குற்றம் என்ற விலக்கு

18-ஆம் நூற்றாண்டு வரை அரசர்கள் பெரிதும் தேடியது திருடர்களை அல்ல, தங்களுக்கு எதிராகச் சதி செய்தவர்களைத்தான். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் இது தலைகீழானது. 1833-இல் பெல்ஜியம் இயற்றிய சட்டம், அரசியல் குற்றத்துக்காக யாரையும் ஒப்படைக்க முடியாது என்று எழுதிவைத்தது. மற்ற நாடுகளின் சட்டங்களும் ஒப்பந்தங்களும் அதைப் பின்பற்றின. இரண்டே தலைமுறைக்குள் ஒரு கோட்பாடு இப்படித் திரும்பி நின்றது வரலாற்றில் அரிது.

எது அரசியல் குற்றம் என்பதுதான் சிக்கல். 1890-இல் சுவிட்சர்லாந்தின் டிச்சினோ மாநிலத்தில் மக்கள் கிளர்ந்து அரசு மாளிகைக்குள் புகுந்தபோது, காஸ்டியோனி என்பவர் சுட்டதில் மாநில அரசின் உறுப்பினர் ஒருவர் இறந்தார். இங்கிலாந்துக்கு ஓடிய அவரை அனுப்ப ஆங்கில நீதிமன்றம் மறுத்தது. அரசியல் எழுச்சியின் போக்கில், அதன் பகுதியாக நடந்த செயல் என்றது. 1894-இல் பாரிஸ் உணவகத்தில் வெடிகுண்டு வைத்ததாகத் தேடப்பட்ட மூனியே என்ற அராஜகவாதியின் வழக்கு வந்தபோது அதே நீதிமன்றம் அனுப்பச் சொன்னது. ஆட்சியைப் பிடிக்க இரண்டு தரப்பு மோதினால்தான் அரசியல் குற்றம். எல்லா அரசையும் வெறுத்து, சாதாரண மக்களின் மேல் குண்டு வீசுவது அதில் சேராது என்பது காரணம்.

அதற்கு முன்பே ஓர் ஓட்டை அடைபட்டிருந்தது. மூன்றாம் நெப்போலியனின் ரயிலைத் தகர்க்க 1854-இல் நடந்த முயற்சியை ஒட்டி எழுந்த சர்ச்சைக்குப் பின், நாட்டுத் தலைவரையோ அவர் குடும்பத்தினரையோ கொல்வது அரசியல் குற்றமாகக் கருதப்படாது என்று பெல்ஜியம் 1856-இல் சட்டத்தைத் திருத்தியது. அன்று தொடங்கிய சுருக்கம் இன்னும் தொடர்கிறது. இனப்படுகொலை, விமானக் கடத்தல், குண்டுவெடிப்புப் பயங்கரவாதம் எதற்கும் பெரும்பாலான புதிய ஒப்பந்தங்களில் இந்த விலக்கு இல்லை. அதற்கு ஈடாக வேறொரு காப்பு வளர்ந்திருக்கிறது: வேண்டுகோள் வெளிப்பார்வைக்குச் சாதாரணக் குற்றம் பற்றியதாக இருந்தாலும், ஒருவரின் இனம், மதம், குடியுரிமை, அரசியல் கருத்து ஆகியவற்றுக்காக அவரைப் பழிவாங்குவதே உண்மையான நோக்கம் என்று நம்ப வலுவான காரணம் இருந்தால் மறுக்கலாம்.

ஒரே குற்றத்துக்கு ஏற்கெனவே தண்டனையோ விடுதலையோ பெற்றுவிட்டவர், வழக்குத் தொடரும் காலவரம்பு கடந்துவிட்டது, முற்றிலும் ராணுவச் சட்டத்தை மட்டுமே சேர்ந்த குற்றம் ஆகியவையும் வழக்கமான மறுப்புக் காரணங்கள். இவற்றில் பெரிய சர்ச்சை இல்லை.

அனுப்பினால் அவருக்கு என்ன நேரும்?

எல்லைக்கு அப்பால் நடப்பது எங்கள் பொறுப்பல்ல என்றே நாடுகள் நெடுங்காலம் நினைத்தன. அதை உடைத்தது 1989 ஜூலை 7-இல் வந்த சோரிங் தீர்ப்பு. ஜெர்மன் குடிமகனான சோரிங், அமெரிக்காவின் வர்ஜினியா மாநிலத்தில் இருவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு இங்கிலாந்தில் பிடிபட்டார். வர்ஜினியாவில் அப்போது மரண தண்டனை இருந்தது. அந்தத் தண்டனையைவிட அதற்கு முந்தைய காத்திருப்பையே ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் உற்றுப் பார்த்தது. தண்டனை விதிக்கப்பட்டவர் சராசரியாக ஆறு முதல் எட்டு ஆண்டு வரை, நாளை வருமா மறுநாள் வருமா என்று தெரியாமல் அறைக்குள் காத்துக் கிடக்க வேண்டும். குற்றம் நடந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. இந்த நிலைக்கு ஒருவரைத் தெரிந்தே அனுப்பினால், அனுப்பும் பிரிட்டனே மனிதத்தன்மையற்ற நடத்தையைத் தடைசெய்யும் விதியை மீறியதாகும் என்று நீதிமன்றம் சொன்னது. மரண தண்டனை கிடையாது என்ற உறுதி கிடைத்த பிறகே 1990-இல் அவர் அனுப்பப்பட்டார். இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். குற்றவாளி தப்பவில்லை, தண்டனையின் வடிவம் மாறியது.

இங்கிருந்துதான் 'உத்தரவாதம்' என்ற சொல் ஒப்படைப்புச் செய்திகளில் அடிக்கடி வரத் தொடங்கியது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1991-இல் அத்தகைய உறுதி இல்லாமலே அனுப்ப அனுமதித்தது. 2001-இல் தன் நிலையை மாற்றிக்கொண்டு, மிக அபூர்வமான சூழல் தவிர மற்ற எல்லா வழக்கிலும் மரண தண்டனை இல்லை என்ற உறுதி வேண்டும் என்றது. கேட்கும் நாடுகளும் இதற்கேற்பத் தங்கள் சட்டத்தை மாற்றிக்கொண்டன. இந்திய ஒப்படைப்புச் சட்டத்தின் 34சி பிரிவு, அதே குற்றத்துக்கு மரண தண்டனை இல்லாத நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவருக்கு அதற்குப் பதிலாக ஆயுள் தண்டனையே விதிக்கப்படும் என்கிறது.

சித்திரவதை விஷயத்தில் பேரத்துக்கே இடமில்லை. சித்திரவதைக்கு எதிரான 1984-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 3-ஆம் பிரிவு, சித்திரவதை நேரும் என நம்பப் போதிய காரணம் இருந்தால் யாரையும் எங்கும் அனுப்பக் கூடாது என்கிறது. அவர் எவ்வளவு கொடியவர் என்பதற்கு அதில் இடமே இல்லை.

சிறை நிலைமையும் இப்போது நீதிமன்ற மேசைக்கு வந்துவிட்டது. விஜய் மல்லையா வழக்கில் மும்பை ஆர்தர் ரோடு சிறையின் 12-ஆம் எண் கட்டடம் லண்டன் நீதிமன்றத்தில் விவாதப்பொருளானது. புகைப்படங்கள் போதவில்லை; இயற்கை வெளிச்சம் உள்ளே வருகிறதா என்று தெரியவேண்டும், வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்று தலைமை மாஜிஸ்திரேட் எம்மா அர்பத்னாட் கேட்டார். வீடியோ வந்தது, சிறை நிலைமையில் குறை காண அவர் காரணம் இல்லை என்றார், 2018 டிசம்பர் 10-இல் ஒப்படைப்புக்கு வழிவிட்டார். 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்திலும் மேல்முறையீடு தள்ளுபடியானது. ஆனாலும் அவர் உடனே அனுப்பப்படவில்லை. வேறு சட்டப் பிரச்சினை ஒன்று தீரவேண்டியிருக்கிறது என்று பிரிட்டிஷ் அரசு சொன்னது.

கேட்டது எதற்கோ, அதற்கு மட்டும்

செய்திகளில் அதிகம் பேசப்படாத, ஆனால் முழு அமைப்பையும் தாங்கி நிற்கும் கோட்பாடு இது. ஒருவர் எந்தக் குற்றத்துக்காக ஒப்படைக்கப்பட்டாரோ, அதற்காக மட்டுமே அவரை விசாரிக்கலாம், தண்டிக்கலாம். முன்பு செய்த வேறு குற்றங்களுக்கு விசாரிக்க வேண்டுமென்றால் கொடுத்த நாட்டின் சம்மதத்தைத் திரும்பப் பெற வேண்டும். அல்லது அவர் விடுதலையாகி, வெளியேற வாய்ப்பிருந்தும் அங்கேயே தங்கியிருக்க வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால், திருட்டு வழக்கு என்று சொல்லி வாங்கிவந்து ராஜத்துரோக வழக்கில் தண்டிக்கலாம். மேலே சொன்ன பாதுகாப்புகள் அத்தனையும் காற்றில் போய்விடும்.

1886-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ராஷர் வழக்கு இதன் முன்னோடி. ராஷர் ஒரு கப்பலின் துணை அதிகாரி. கப்பல் தொழிலாளி ஒருவரைக் கொன்றதாகச் சொல்லி அவரை பிரிட்டனிடமிருந்து அமெரிக்கா வாங்கியது. வந்த பிறகு, அதே தொழிலாளியைக் கொடுமைப்படுத்தினார் என்ற சிறிய குற்றத்துக்கு விசாரித்துத் தண்டித்தது. அந்தக் குற்றம் ஒப்பந்தப் பட்டியலில் இல்லை. தண்டனை செல்லாது என்றது உச்ச நீதிமன்றம்.

நம் காலத்தில் இதைப் பக்கத்திலிருந்து பார்க்க அபு சலேம் வழக்கைப் போல வேறொன்று இல்லை. 1993 மும்பைத் தொடர் குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அவர் 2002-இல் லிஸ்பனில் பிடிபட்டார். போர்ச்சுகலில் மரண தண்டனை கிடையாது. 25 ஆண்டுக்கு மேல் சிறையும் கிடையாது. அவருக்கு மரண தண்டனையோ 25 ஆண்டுக்கு மேற்பட்ட சிறையோ விதிக்கப்படாது என்று அப்போதைய துணைப் பிரதமர் அத்வானி 2002 டிசம்பரில் போர்ச்சுகல் அரசுக்கு உறுதி அளித்தார். 2005 நவம்பரில் ஒப்படைப்பு நடந்தது. அதன் பின் இந்தியாவில், வேண்டுகோளில் இல்லாத சில பிரிவுகளின் கீழும் குற்றச்சாட்டுகள் சேர்க்கப்பட்டன. வேண்டுகோளில் சொன்ன நிகழ்வுகளிலிருந்தே தெரியவரும் சிறிய குற்றங்கள்தான் அவை, அதில் தவறில்லை என்றது இந்திய உச்ச நீதிமன்றம். இல்லை, நிபந்தனை மீறப்பட்டிருக்கிறது என்று லிஸ்பன் நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. ஒரே ஒப்படைப்பை இரு நாட்டு நீதிமன்றங்கள் இரு விதமாகப் படித்தன. கடைசியில் சர்ச்சைக்குரிய குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெற 2013-இல் உச்ச நீதிமன்றம் அரசுத் தரப்பை அனுமதித்தது.

பின்னர் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 25 ஆண்டு உறுதி என்ன ஆவது? அரசு கொடுத்த வாக்கு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, எனவே ஆயுள் தண்டனை விதித்தது தவறல்ல. ஆனால் வாக்குக் கொடுத்த அரசு அதற்குக் கட்டுப்பட்டது, 25 ஆண்டு முடிந்ததும் அவரை விடுவிக்கக் குடியரசுத் தலைவருக்கு அரசு பரிந்துரைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜூலை 11-இல் தீர்ப்பளித்தது. இவ்வளவு பெரிய குற்றத்துக்கு இந்தச் சலுகையா என்று அன்று பலர் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பு புரிகிறது. ஆனால் அந்த வாக்கு இல்லாவிட்டால் அவர் மும்பை நீதிமன்றத்தின் படியையே ஏறியிருக்க மாட்டார். அந்த வாக்கை மீறினால், அடுத்த ஆளைக் கேட்டுப் போகும்போது எந்த நாடு கதவைத் திறக்கும்?

ஐரோப்பா எடுத்த வேறு வழி

ஐரோப்பிய ஒன்றியம் இந்தச் சுமைகளை இறக்கிப் பார்த்தது. 2002-இல் ஏற்று 2004 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியக் கைது வாரண்டில் அமைச்சருக்கு வேலையில்லை. நீதிமன்றம் நேரடியாக நீதிமன்றத்திடம் கேட்கிறது. 32 வகைக் குற்றங்களுக்கு இரட்டைக் குற்றத்தன்மைச் சோதனை இல்லை. ஆட்சேபித்தாலும் 60 நாளுக்குள் முடிவு. தேவைப்பட்டால் இன்னும் 30 நாள். உறுப்பு நாடுகள் ஒன்றன் நீதிமன்றத்தை ஒன்று நம்புகின்றன என்பதே இதன் அடித்தளம். அந்த நம்பிக்கைக்கும் எல்லை உண்டு: வாரண்ட் அனுப்பிய நாட்டின் சிறை நெரிசல் மனிதத்தன்மையற்ற நிலையை எட்டியிருக்கும் அபாயம் இருந்தால், உரிய தகவல் கிடைக்கும் வரை நிறுத்திவைக்க வேண்டும் என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் 2016-இல் சொன்னது.

சொந்தக் குடிமக்கள்: கொடு, இல்லையேல் விசாரி

பல நாடுகள் தங்கள் குடிமக்களைப் பொதுவாகப் பிற நாடுகளிடம் ஒப்படைப்பதில்லை. பிறப்பால் பிரேசில் குடிமகனான ஒருவரை ஒப்படைக்க அந்த நாட்டின் அரசமைப்புச் சட்டமே தடை விதிக்கிறது. ஜெர்மனியிலும் அடிப்படைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவில் இந்தத் தடை இருக்கிறது. ஒன்றிய நாடுகளுக்கும் பன்னாட்டு நீதிமன்றங்களுக்கும் மட்டும் பின்னர் விலக்கு சேர்த்தார்கள். ஆங்கிலச் சட்ட மரபு நாடுகளுக்கு இந்தத் தயக்கம் பொதுவாக இல்லை.

கார்லோஸ் கோன் விவகாரத்தில் இரண்டு முறைகளையும் அருகருகே பார்க்கலாம். நிசான் நிறுவனத்தின் முன்னாள் தலைவரான அவர் ஜாமீனில் இருந்தபோது 2019 டிசம்பரில் ஜப்பானிலிருந்து தப்பி லெபனான் போனார். அவர் லெபனான் குடிமகன். தன் குடிமக்களை லெபனான் தராது. அவரைத் தப்பவைத்த அமெரிக்கத் தந்தையையும் மகனையும் அமெரிக்கா 2021 மார்ச்சில் ஜப்பானிடம் ஒப்படைத்தது. அவர்கள் சிறை சென்றார்கள். உதவியவர்கள் உள்ளே போனார்கள், ஓடியவர் வெளியே இருந்தார்.

இப்படியே விட்டால் குடியுரிமை ஒரு கேடயமாகிவிடும். அதைத் தடுக்கவே 'கொடு, இல்லையேல் நீயே விசாரி' என்ற கோட்பாடு இருக்கிறது. விமானக் கடத்தலுக்கு எதிரான 1970 ஹேக் உடன்படிக்கை, சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை போன்றவை இதைக் கடமையாகவே விதிக்கின்றன. ஆளைக் கொடுக்க மனமில்லாத நாடு, வழக்கைத் தன் அரசு வழக்கறிஞர்களிடம் கொண்டுபோக வேண்டும்; சும்மா இருக்க முடியாது.

சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பது சாட் நாட்டின் முன்னாள் சர்வாதிகாரி ஹப்ரேயின் வழக்கில் தெரிந்தது. 1990-இல் ஆட்சி கவிழ்ந்ததும் அவர் செனகல் தலைநகர் டகாரில் அடைக்கலம் புகுந்தார். 2005-இல் பெல்ஜியம் அவரைக் கேட்டது. ஒரு முன்னாள் நாட்டுத் தலைவர் விஷயத்தில் முடிவெடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று டகார் நீதிமன்றம் விலகிக்கொண்டது. செனகல் அனுப்பவும் இல்லை, விசாரிக்கவும் இல்லை. 2009-இல் பெல்ஜியம் பன்னாட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 2012 ஜூலை 20-இல் தீர்ப்பு வந்தது: செனகல் மேலும் தாமதிக்காமல் வழக்கை விசாரணைக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் அவரை ஒப்படைக்க வேண்டும். விசாரிப்பது கடமை, ஒப்படைப்பது அந்தக் கடமையிலிருந்து விடுபட ஒரு வழி என்றும் நீதிமன்றம் விளக்கியது. பணம் இல்லை என்ற காரணத்தை அது ஏற்கவில்லை.

ஆப்பிரிக்க ஒன்றியத்துடன் உடன்பாடு செய்துகொண்டு டகாரிலேயே தனி நீதிமன்றம் அமைக்கப்பட்டது. 2015-இல் விசாரணை தொடங்கியது. ஹப்ரேயின் சிறைகளில் கிடந்து மீண்டவர்கள் சாட்சிக் கூண்டில் ஏறி, அவர் முகத்துக்கு நேரே பேசினார்கள். 2016 மே 30-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் ஓடிவந்து அதற்குள் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.